யெல்லோஸ்டோன்: வெளியே வராத மாக்மாவின் கணக்கு

கேள்வி இதுதான்: "ஹவாய் மாதிரி கடல் நடுவே ஹாட்ஸ்பாட் இருந்தால் லாவா கொட்டித் தீவு வளர்கிறது, அது புரிகிறது. அதே ஹாட்ஸ்பாட் ஒரு கண்டத்துக்கு அடியில் இருந்தால், மேலோட்டுக்குக் கீழே உள்ள பூமியின் கவசத்திலிருந்து வரும் மாக்மா அந்தக் கண்டத்தோடு எப்படிச் சேரும்? எரிமலை வெடித்து மேலே கொட்டுவது மட்டும்தான் கணக்கா?"

மேலே கொட்டுவது கணக்கில் பொடிப் பங்குதான். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பழைய, தடித்த கண்டத்தில் வெளியே கொட்டுவது பெரும்பாலும் கவசம் அனுப்பிய சரக்கு அப்படியே இல்லை. அது வழியில் மாறி, கண்டத்தின் பழைய பாறையையும் கரைத்துச் சேர்த்துக்கொண்டு, வேறு ஒன்றாகி வெளியே வருகிறது. கவசம் அனுப்பிய அசல் சரக்கு பத்து, இருபது, நாற்பது கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கிக் கண்டத்தின் பாகமாகிவிடுகிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனை வைத்து இதை விளக்குகிறேன். கண்டத்துக்கு அடியில் இருக்கும் ஹாட்ஸ்பாட்டுகளில் இந்த அளவுக்குத் துருவிப் பார்த்த இடங்கள் மிகக் குறைவு. ("அமெரிக்காவை அழிக்கப்போகும் சூப்பர் எரிமலை" என்று வருஷத்துக்கு நாலு வீடியோ வருகிறதே, அதே இடம்தான். அந்தப் பயம் இந்தப் பதிலுக்குத் தேவையில்லை. அதைவிடச் சுவாரசியமான சங்கதி அடியில் இருக்கிறது.)

முதலில் மாக்மா எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். பூமியின் கவசம் முழுக்க உருகிய குழம்பு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, அது திடப்பாறை. ஆனால் சூடாக இருப்பதால், கோடிக்கணக்கான வருஷக் கணக்கில் பார்த்தால் மெழுகு போல நகரும். ஹாட்ஸ்பாட் என்பது சுற்றியுள்ள கவசத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடான பாறை, திடமாகவே மெல்ல மேலேறி வரும் இடம். மேலே வர வர அதன் மேலுள்ள அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் உருகுநிலையும் குறையும். குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் 120 டிகிரி வரை போய்விடுகிறது. அடுப்பை அணைத்துவிட்டு அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் உள்ளே பொங்கிக் கொதிக்கிறது. தீயைக் கூட்டவில்லை, அழுத்தத்தைத்தான் எடுத்தோம். கவசப் பாறையும் அப்படித்தான், சூடு கூட்டாமலே உருகத் தொடங்குகிறது. முழுவதும் உருகுவதில்லை, அதில் சில சதவீதம்தான். அந்தச் சில சதவீதம்தான் பசால்ட் மாக்மா. கறுப்பு, இரும்பும் மக்னீசியமும் மிகுந்தது, சிலிக்கா 50 சதவீதத்துக்குப் பக்கம், சூடு ஏறக்குறைய 1,200 டிகிரி.

ஹவாய்க்கு அடியில் கடல்தட்டின் மேலோடு ஏழு கிலோமீட்டர் அளவுக்குத்தான். அதுவும் பசால்ட்டே. வழியில் தடுப்பாரும் இல்லை, கலப்பதற்கு வேறு சரக்கும் இல்லை. பசால்ட் வந்த மாதிரியே வெளியே வழிகிறது. யெல்லோஸ்டோனில் மேலோடு மட்டும் சுமார் 45 கி.மீ. தடிமன். அதில் 250 கோடி வருஷத்துக்கும் மேல் வயதான பாறைகள் கிடக்கின்றன. இங்கேதான் கதை மாறுகிறது.

ஒரு கிரானைட் துண்டையும் அதே அளவு பசால்ட் துண்டையும் இரண்டு கையில் வைத்துப் பாருங்கள். பசால்ட் கனமாக இருப்பது கைக்கே தெரியும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் கிரானைட்டின் அடர்த்தி 2.7-க்குப் பக்கம், பசால்ட் 3-ஐத் தொடும். உருகிய நிலையில் பசால்ட் இலேசாகும், ஆனாலும் 2.7-க்குக் கீழே அதிகம் போகாது. கவசத்தின் அடர்த்தியோ 3.3. ஆகவே கவசத்துக்குள் பசால்ட் மாக்மா தக்கை மாதிரி மேலேறும். மேலோட்டின் அடிப்பகுதியைத் தொட்டதும் அந்த உந்துதல் பாதிக்கு மேல் போய்விடும். இன்னும் மேலே, கிரானைட் வகைப் பாறை இருக்கும் மட்டத்தில், ஏறுவதற்குக் காரணமே இருக்காது. அதனால் நிற்கிறது. பாறை இடுக்குகளில் பக்கவாட்டில் பரவித் தகடு தகடாகப் படிகிறது. ஒரு தகடு, அதன் மேலோ கீழோ இன்னொன்று, லட்சக்கணக்கான வருஷத்துக்கு இது நடக்கிறது. புவியியல்காரர்கள் 'அடிப்பூச்சு' என்கிற மாதிரி ஒரு பெயரில் இதைச் சொல்வார்கள். பூச்சு என்ற சொல் ஏமாற்றும். சேர்வது கிலோமீட்டர் கணக்கில்.

நின்ற பசால்ட் சும்மா இருப்பதில்லை. 1,200 டிகிரியில் இருக்கும் ஒன்று, சில நூறு டிகிரியில் இருக்கும் பாறைக்கு நடுவே வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? அது ஆறும், சுற்றியிருப்பது சூடாகும். கிரானைட் வகைப் பாறை, கொஞ்சம் நீர்ச்சத்து இருந்தால் 700 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்கிவிடும். முதலில் வரும் தகடுகளின் சூடு சுற்றுப்பாறையைக் காய்ச்சுவதிலேயே செலவாகிவிடும், உருக்க மிச்சம் இருக்காது. காய்ந்த அடுப்பில் அடுத்த தோசை சீக்கிரம் வேகிற மாதிரி, பின்னால் வருபவை பழைய மேலோட்டை உருக்கத் தொடங்கும். அதே நேரம் பசால்ட்டுக்குள்ளேயும் ஒரு பிரிவினை நடக்கிறது. ஆறும்போது ஆலிவின், பைராக்ஸீன் போன்ற கனமான, சிலிக்கா குறைந்த தாதுக்கள் முதலில் படிகமாகிக் கீழே தங்கும். மிஞ்சும் குழம்பில் சிலிக்கா ஏறிக்கொண்டே போகும். இந்த மிச்சக் குழம்பும், உருகிய பழைய மேலோடும் கலந்தால் கிடைப்பது ரையோலைட் மாக்மா. சிலிக்கா 75 சதவீதம், சூடு 800 டிகிரி சுமாருக்கு, இலேசானது, ஆனால் பயங்கரப் பிசுபிசுப்பு. இது மேலேறி 5 முதல் 15 கி.மீ. ஆழத்தில் தேங்குகிறது. அமெரிக்கப் புவியியலாளர் வெஸ் ஹில்ட்ரெத்தும் பிரிட்டனின் ஸ்டீபன் மூர்பாத்தும் 1988-இல், சிலி நாட்டு ஆண்டிஸ் எரிமலைகளை வைத்து, மேலோட்டின் அடியில் உருகல், கரைத்துக்கொள்ளல், சேமிப்பு, ஒரேசீராகக் கலத்தல் என நாலும் ஒரே இடத்தில் நடக்கிறது என்று எழுதினார்கள். அது ஹாட்ஸ்பாட்டுக்காக எழுதப்பட்டதில்லை, ஆனால் இங்கேயும் பொருந்துகிறது.

யெல்லோஸ்டோனில் மூன்று பெருவெடிப்புகள் நடந்திருக்கின்றன. 21 லட்சம் வருஷத்துக்கு முன் ஒன்று, சுமார் 2,450 கன கிலோமீட்டர் சரக்கு. 13 லட்சம் வருஷத்துக்கு முன் இரண்டாவது, 280. ஏறக்குறைய 6,40,000 வருஷத்துக்கு முன் மூன்றாவது, 1,000. மூன்றுமே ரையோலைட். நடுநடுவே வழிந்த லாவாவிலும் பெரும்பகுதி ரையோலைட்தான், கடைசியாக வழிந்து 70,000 வருஷம் ஆகிறது. எல்லாம் சேர்த்தாலும் சுமார் 6,000 கன கிலோமீட்டர். பெரிய எண்தான். ஆனால் இதோடு அடியில் சேர்ந்ததை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு தோராயக் கணக்கை நாமே போடலாம், எனக்குப் பிடித்த கணக்கு இது. யெல்லோஸ்டோனின் வெந்நீர் ஊற்றுகள், வெந்நீரைப் பீச்சியடிக்கும் கெய்சர்கள், ஆவித்துளைகள் எல்லாம் சேர்ந்து வெளியேற்றும் வெப்பம் சுமார் 5,000 மெகாவாட். ஆறுகளில் சேரும் குளோரைடை அளந்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆழத்து வெந்நீர்தான் குளோரைடைக் கொண்டுவருகிறது, ஆகவே குளோரைடு எவ்வளவு என்று தெரிந்தால் வெந்நீர் எவ்வளவு என்று தெரியும், அதிலிருந்து வெப்பம். இனி, ஒரு கிலோ பசால்ட் மாக்மா உறைந்து 800 டிகிரி வரை ஆறினால் சுமார் 8 லட்சம் ஜூல் வெப்பம் விடும். இரண்டையும் வகுத்துப் பார்த்தால், இந்த வெப்பத்துக்கு ஈடுகொடுக்க வருஷத்துக்கு ஏறக்குறைய 7 கோடி கன மீட்டர் பசால்ட் அடியில் வந்து சேர்ந்தாக வேண்டும். டிப்பர் லாரிக்கு 10 கன மீட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 19,000 லோடு. ஒரு சொட்டுகூட வெளியே வருவதில்லை.

இதே வேகம் 21 லட்சம் வருஷமும் இருந்திருந்தால் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கன கிலோமீட்டருக்கு மேல் ஆகும். இன்றைய வேகத்தை எல்லாக் காலத்துக்கும் நீட்டுவது நியாயமில்லைதான். சரி, மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுங்கள். அப்போதும் சுமார் 50,000. வெளியே வந்ததைப் போல எட்டு மடங்கு.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, 2015-இல் யூட்டா பல்கலைக்கழகக் குழுவினர் நிலநடுக்க அலைகளை வைத்து எடுத்த படத்தைப் பாருங்கள். மேலே 5 முதல் 17 கி.மீ. ஆழத்தில் இருக்கும் தேக்கம் ஏற்கெனவே தெரிந்தது, அது 10,000 கன கிலோமீட்டர். அதற்குக் கீழே, 20 முதல் 50 கி.மீ. ஆழத்துக்குள், 46,000 கன கிலோமீட்டர் அளவில் இன்னொரு பகுதி தெரிந்தது. அலைகள் அங்கே வேகம் குறைந்து போகின்றன. மேலே ரையோலைட், கீழே பசால்ட். செய்தித்தாள்கள் "மாக்மா ஏரி" என்று போட்டன. ஏரியெல்லாம் இல்லை. கீழ்ப்பகுதியில் உருகிய நிலையில் இருப்பது 2 சதவீதம்தான் என்று அந்தக் குழுவே சொன்னது. மீதி 98 சதவீதம் சூடான திடப்பாறை, நீரை உறிஞ்சிய பஞ்சு போல இடுக்குகளில் மட்டும் குழம்பு. மேல் தேக்கத்தில் உருகிய பங்கு 16 முதல் 20 சதவீதம் வரை இருக்கலாம் என்று 2022-இல் வேறொரு ஆய்வு உயர்த்திச் சொன்னது. ஏற்கெனவே உறைந்து கண்டத்தோடு ஒன்றிப்போன பசால்ட் இந்த 46,000 கணக்கில் தனியாகத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அடியில் இருப்பது கவசத்துச் சரக்குதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள், யாரும் போய்ப் பார்க்கவில்லையே?" என்று கேட்டால் நியாயமான கேள்வி. பதில் வாயுவில் இருக்கிறது. ஹீலியத்தில் இரண்டு வகை. ஹீலியம்-3 பூமி உருவானபோதே உள்ளே மாட்டிக்கொண்டது. ஹீலியம்-4 யுரேனியமும் தோரியமும் சிதையும்போது புதிதாக உண்டாகிக்கொண்டே இருப்பது. பழைய கண்டப் பாறையில் யுரேனியமும் தோரியமும் அதிகம், ஆகவே அங்கே ஹீலியம்-4 மிகுந்து, 3-இன் விகிதம் கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருக்கும். நடுக்கடல் மலைத்தொடர் பசால்ட்டுகளில் அந்த விகிதம் காற்றில் உள்ளதைப் போல 8 மடங்கு. யெல்லோஸ்டோனில் கிப்பன் கெய்சர் பகுதியில் குமிழியிடும் வாயுவைப் பிடித்து அளந்தால் 16 மடங்கு வரை போகிறது. 250 கோடி வருஷப் பாறைக்கு மேலே நின்றுகொண்டு, ஆழக் கவசத்தின் மூச்சைப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. 2014-இல், அதே யெல்லோஸ்டோனில் ஹீலியம்-4-உம் அளவுக்கு மீறி வெளியேறுகிறது என்று கண்டார்கள். நூறு கோடி வருஷத்துக்கும் மேலாக அசையாமல் கிடந்த பாறை தனக்குள் சேர்த்து வைத்திருந்ததை, ஹாட்ஸ்பாட்டின் சூடு வந்ததும் இப்போதுதான் அவிழ்த்துவிடுகிறது. புதுச்சரக்கு உள்ளே போவதும் பழைய பாறை கலைவதும் ஒரே குமிழியில் தெரிகிறது.

கரியமில வாயுவும் சாட்சி. நாளொன்றுக்கு 45,000 டன் அளவில் அங்கே வெளியேறுகிறது. மேலே தேங்கியிருக்கும் ரையோலைட்டிலிருந்து இவ்வளவு வர வழியில்லை. ஒரு பங்கு பழைய சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து வரலாம். பெரும்பாலும் அது அடியில் உறையும் பசால்ட் விடுவது.

பாறையிலேயே எழுதியிருப்பது ஸ்ட்ரான்ஷியம். ருபீடியம்-87 சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆகிறது. ருபீடியம் கண்டப் பாறையில் சேர்ந்துகொள்ளும் குணமுள்ளது. எனவே பழைய கண்டத்தில் ஸ்ட்ரான்ஷியம் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் கூடுதலாகவும், கவசத்தில் 0.703, 0.704 என்று குறைவாகவும் இருக்கும். ரையோலைட்டை அளந்தால் இரண்டுக்கும் நடுவே வருகிறது. பழைய மேலோட்டை மட்டும் உருக்கினால் இந்த எண் வராது, பசால்ட்டை மட்டும் வடித்தாலும் வராது. எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டைதான். என் பார்வையில், கவசத்தின் பங்கைப் பலரும் குறைத்தே நினைக்கிறார்கள். கண்டத்து ரையோலைட் என்றாலே "உருகிய கிரானைட்" என்று பாடம் படித்த பழக்கம் அது.

ஆக்சிஜன் சொல்வது இன்னும் விசித்திரம். பெருவெடிப்புகளுக்குப் பிறகு வந்த சில ரையோலைட்டுகளில் கனமான ஆக்சிஜன்-18 வழக்கத்தைவிடக் குறைவு. மழைநீரிலும் பனிநீரிலும்தான் அப்படிக் குறைந்திருக்கும். அந்த நீர் முந்தைய எரிமலைப் பாறைக்குள் இறங்கி, சூட்டில் அதோடு வினைபுரிந்து, அந்தப் பாறை பிறகு கூரை சரிந்து உள்ளே விழுந்து மறுபடி உருகியிருக்கிறது. எரிமலை தன் கூரையையே தின்றிருக்கிறது. வெளியே கொட்டியதை எல்லாம் "கண்டத்தில் புதிதாகச் சேர்ந்தது" என்று கூட்டினால் ஒரே சரக்கை இரண்டு தடவை எண்ணும் ஆபத்து இதனால்தான்.

இத்தனை பசால்ட் அடியில் இருந்தும் கால்டெராவுக்கு (பெருவெடிப்பில் கூரை சரிந்து உண்டான பெரும்பள்ளம்) நடுவே அது ஏன் எட்டிப் பார்ப்பதில்லை? மேலே இருக்கும் ரையோலைட் தேக்கம் இலேசானது, ஓரளவு உருகியது. கனமான பசால்ட் அதைத் துளைத்து மேலே வர முடியாது, குடை பிடித்த மாதிரி. கால்டெராவின் ஓரங்களில் மட்டும் பசால்ட் வெளியே வந்திருக்கிறது. பூங்காவின் வடக்கே கார்ட்னர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஷீப்ஈட்டர் பாறைமுகத்தில் அறுகோணத் தூண்களாக நிற்பது பசால்ட். அதே ஆற்றங்கரையில் இன்னோர் இடத்தில் பசால்ட்டும் ரையோலைட்டும் குழம்பாகவே சந்தித்து உறைந்த பாறை இருக்கிறது. வெளிர் சாம்பல் நிற ரையோலைட்டுக்குள் கறுப்பு உருண்டைகளும் இழைகளும், நடுவே இரண்டும் கரைந்து கலந்த இடைநிறம். சர்க்கரைப்பாகில் எள் கிளறிய மாதிரி ஒரேசீராக இருக்காது, வேண்டாவெறுப்பாகக் கலந்த மாதிரி இருக்கும். முப்பது, நாற்பது கிலோமீட்டர் அடியில் நடப்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் கெய்சர் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

உள்ளே ஏதோ வந்து போகிறது என்பதை நிலமும் காட்டிக்கொடுக்கிறது. 1923-இல் அளந்த மட்டத்தை 1970-களில் திரும்ப அளந்தபோது கால்டெராவின் நடுப்பகுதி 70 செ.மீ.க்கும் மேல் உயர்ந்திருந்தது. 1985-ஐ ஒட்டி இறங்கத் தொடங்கியது. 2004-இல் மறுபடி ஏறி, சில காலம் வருஷத்துக்கு 7 செ.மீ. வேகத்தில் உயர்ந்தது. வடக்கே தரை தூக்கிக்கொண்டதில் யெல்லோஸ்டோன் ஏரி தட்டு சாய்ந்த மாதிரி தெற்கே சாய்ந்து, தென்கரை மரங்களின் அடி தண்ணீருக்குள் போனது. எல்லா உயர்வும் மாக்மாவால் என்று சொல்லிவிட முடியாது, அடைபட்ட வெந்நீரும் வாயுவும்கூடத் தூக்கும்.

இனி ஹாட்ஸ்பாட் கடந்து போன இடத்துக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் கண்டத்தோடு 'சேர்வது' என்பதன் முழு அர்த்தம் பிடிபடும். வட அமெரிக்கத் தட்டு வருஷத்துக்கு 2 செ.மீ. சுமாருக்குத் தென்மேற்காக நகர்கிறது, ஹாட்ஸ்பாட் ஏறக்குறைய இருந்த இடத்தில் இருக்கிறது. அதனால் பழைய எரிமலைகளின் தடம் தென்மேற்கே நீள்கிறது. சுமார் 1.6 கோடி வருஷத்துக்கு முன் நெவாடா, ஒரேகான் எல்லையில் மெக்டெர்மிட், அங்கிருந்து ஐடஹோவின் ஸ்னேக் ரிவர் சமவெளி வழியாக இன்றைய வயோமிங் வரை. யெல்லோஸ்டோன் சூட்டில் உப்பி மேடாக நிற்கிறது. அதன் பின்னால் இருக்கும் ஸ்னேக் ரிவர் சமவெளியோ சுற்றிலும் மலைகள் இருக்க, தான் மட்டும் தாழ்ந்து கிடக்கிறது. காரணம் அடியில் உறைந்த பசால்ட். மேலோட்டின் நடுவே சுமார் 10 கி.மீ. தடிமனுக்கு, நிலநடுக்க அலைகள் வேகமாக ஓடும் கனமான அடுக்கு ஒன்று அங்கே இருக்கிறது. சூடு இருந்தவரை தூக்கி நிறுத்தியது, ஆறியதும் பாரம் இழுத்துவிட்டது. கண்டம் அங்கே கனத்துப்போய்விட்டது.

ரையோலைட் தேக்கம் முழுக்க உறைந்துவிட்டால் குடை விலகுகிறது. அப்போது பசால்ட் நிலப்பிளவுகள் வழியாக மேலே வர முடியும். ஸ்னேக் ரிவர் சமவெளியின் மேற்பரப்பில் ரையோலைட்டை மூடிக் கிடப்பது இந்தப் பசால்ட்தான். 'நிலாப் பள்ளங்கள்' என்று பெயர் வைத்திருக்கும் இடத்தில் கடைசியாக வழிந்தது 2,000 வருஷத்துக்கு முன், புவியியல் கணக்கில் முந்தாநாள். ஹாட்ஸ்பாட் அந்த இடத்தை விட்டுப் போய் லட்சக்கணக்கான வருஷம் ஆகிறது.

மேலோடு மாறினால் ஒரே ஹாட்ஸ்பாட் எப்படி வேறு ஆளாக நடந்துகொள்ளும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. பலரும் இதே ஹாட்ஸ்பாட்டின் தொடக்கமாகக் கருதும் கொலம்பியா ஆற்றுப் பசால்ட், 1.7 கோடி வருஷத்துக்கு முன் தொடங்கி ஒரேகான், வாஷிங்டன் பக்கம் வெள்ளமாகப் பரவியது. மொத்தம் 2,10,000 கன கிலோமீட்டர். அது வெளியேறிய பிளவுகள் திறந்த இடத்தில் மேலோடு இளையது, கடல்தட்டுத் துண்டுகள் வந்து ஒட்டிக்கொண்டு உண்டானது. உருகி ரையோலைட் தரப் பழைய கிரானைட் அங்கே அதிகம் இல்லை. கிழக்கே பழைய கண்டத்துக்குள் நுழைந்ததும் ரையோலைட் ராஜ்யம். மேற்கு ஐடஹோவில் ஸ்ட்ரான்ஷியம் விகிதம் 0.706-ஐத் தாண்டும் இடத்தை வரைபடத்தில் கோடாகவே போட்டிருக்கிறார்கள். பழைய கண்டத்தின் ஓரம் அது.

இந்தியாவில் இதைப் பார்க்க வேண்டுமானால் தக்காணப் பசால்ட். ரீயூனியன் ஹாட்ஸ்பாட், 6.6 கோடி வருஷத்துக்கு முன். இன்றும் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. அங்கே வெள்ளம் பெரிது, வேகமும் பெரிது, பசால்ட்டே வெளியே வந்துவிட்டது. ஆனாலும் மகாபலேஷ்வர் பக்கத்து மலைச்சரிவில் அடுக்கடுக்காக அளந்துகொண்டே ஏறினால், கீழே உள்ள புஷே அடுக்கில் பழைய கண்டத்தின் கலப்பு தூக்கலாகவும், மேலே உள்ள அம்பேனலி அடுக்கில் கவசத்துச் சரக்கு ஏறக்குறைய சுத்தமாகவும் இருப்பது தெரியும். முதலில் வந்தவை குழாயின் சுவரைக் கரைத்துக்கொண்டே வந்தன, பின்னால் வந்தவை அதே குழாயில் சுத்தமாக வந்தன என்று பலர் படிக்கிறார்கள். குஜராத்தின் பாவாகட் மலையில் ரையோலைட்டும் உண்டு.

யெல்லோஸ்டோனுக்கு 2025-இல் புதிதாக ஒரு படம் கிடைத்தது. பாறையின் மின்கடத்தும் திறனை வைத்து எடுத்தது அது, உருகிய குழம்பு உறைந்த பாறையைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். கால்டெராவுக்கு அடியில் ரையோலைட் ஒரே தேக்கமாக இல்லை, தனித்தனியாக நாலு இடத்தில் இருக்கிறது என்று அது காட்டியது. ஆழத்திலிருந்து வரும் பசால்ட்டோடு நேரடித் தொடர்பில் இருப்பது வடகிழக்கில் உள்ளது மட்டும். மேற்கே உள்ளவற்றுக்கு அடியிலிருந்து சூடு வருவது நின்றுவிட்டது, மெல்ல உறைந்துகொண்டிருக்கின்றன. தட்டு தென்மேற்காக நகர்கிறது என்று மேலே சொன்னேனே, அதனால் ஹாட்ஸ்பாட் வடகிழக்கே போவதாகத் தெரியும், அதே திசைதான்.